அஸ்ரினின் முன்பற்கள்

"நீங்க நிறுத்தலம்மா" என்றார் பல் டாக்டர் புஷ்பவல்லி.

"நிறுத்திட்டேன் டாக்டர். சத்தியமா நிறுத்திட்டேன்."

"பல்லு பொய் சொல்லாதும்மா. மூணு மாசத்துக்கு முன்னாடி பார்த்தப்ப ரெண்டு பல்லுலதான் குழி இருந்துச்சு. இப்ப முன்பல்லு நாலும் கரைஞ்சிருக்கு. இனிப்பு படாம இப்படி ஆகாது. ராத்திரி வாயில பாட்டிலை வச்சுத் தூங்க வைக்கிறீங்க, இங்க வந்து இல்லைங்கிறீங்க."

மடியில் அழுதுகொண்டிருந்த அஸ்ரினின் வாயைத் துடைத்துவிட்டு நஃபீசா தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார்கள். பெத்தவளுக்குப் பொறுப்பில்லை என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது.

இந்த மூன்று மாதமும் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் பாலில் சீனி போடுவதை அன்றைக்கே நிறுத்தினாள். சவுதியிலிருந்து வந்த ஆரஞ்சு ஜூஸ் பவுடரைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். பாட்டிலில் வெறும் தண்ணீரைக் கொடுத்தபோது அஸ்ரின் அதை வீசியெறிந்து, மூச்சு நிற்கும் அளவுக்கு அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, "புள்ளையப் போட்டு அடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். காலையும் மாலையும் ஈரத்துணியை விரலில் சுற்றிக்கொண்டு பல்லைத் துடைத்துவிட்டாள். கடி வாங்கிய தழும்பு இன்னும் விரலில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, நீங்க நிறுத்தலம்மா.

"இப்ப என்ன டாக்டர் செய்யணும்?"

"நடுவுல உள்ள ரெண்டும் தேறாது. எடுத்துடணும். ஓரத்துல உள்ள ரெண்டையும் சுத்தம் பண்ணி அடைச்சுப் பார்க்கலாம். சும்மா விட்டா சீழ் வைக்கும். அது உள்ள வளர்ற பல்லையும் கெடுக்கும். தள்ளிப் போடாதீங்க. வூட்ல கேட்டுட்டு சீக்கிரம் வாங்க."

வூட்ல கேட்டுட்டு வாங்க. நஃபீசா எங்கே போனாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

பெரம்பலூரிலிருந்து குன்னம் வழியாக லப்பைக்குடிக்காடு போகும் பஸ்ஸில் வழியெல்லாம் அஸ்ரின் சிணுங்கிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் மர்ஜியா ஓடிவந்து கையை நீட்டினாள். பிள்ளை தாவிக்கொண்டு அவளிடம் போயிற்று.

மர்ஜியா, நஃபீசாவின் கணவன் அப்துல் ஹாதிக்கு அக்கா; அவனுக்கும் நஃபீசாவுக்கும் லாத்தா. கல்யாணமாகி ஆறேழு வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, கணவனும் இறந்துபோக, தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவள். அஸ்ரின் பிறந்த சமயத்தில் நஃபீசா ஜன்னி கண்டு படுத்துக் கிடந்தபோது, பிள்ளையை இரவும் பகலும் தோளில் போட்டு வளர்த்தது அவள்தான். அஸ்ரினுக்கு இன்றைக்கும் தூக்கம் வருவது மர்ஜியாவின் மடியில் மட்டும்தான். நஃபீசா மடியில் போட்டால் விளையாடும், தூங்காது.

புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முகம் கழுவி, நஃபீசா உள்ளே வந்தாள். மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு முடிந்திருந்தது. மர்ஜியா சுவரில் சாய்ந்து, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, முணுமுணுப்பாக எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். அருகில் தங்க நிற மூடி போட்ட ஒரு பாட்டில். வாயில் வைக்கும் ரப்பர் நிப்பிளை அந்தப் பாட்டிலுக்குள் முக்கி எடுத்து, அதில் ஊதி, பிஸ்மி சொல்லிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். அழுகை நின்றது.

"என்ன லாத்தா அது?"

"தேனும்மா. ஹாதி குடுத்தனுப்புனது."

"இனிப்பே ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்கன்னு சொன்னேன்ல?"

"சீனி ஆகாதுன்னுதான சொன்ன? ஒரு சிட்டிகை குடுக்கலையே. பிஸ்கட்டு கேட்டுக் காலைக் கட்டிக்கிட்டு அழுதுச்சு, அதுக்கும் குடுக்கல. இது தேன். இதுல ஷிஃபா இருக்கு. நோயெல்லாம் தீரும்னு ஹஜ்ரத் பள்ளிவாசல் பயான்லயே சொன்னாரு. பல்லு வலி போகட்டும்னு ஓதித்தான் குடுக்கிறேன். பாரு, எப்படி அமைதியாயிடுச்சு."

"எவ்வளவு நாளா?"

"நீ முதல்ல டாக்டர்ட்ட போயிட்டு வந்தியே, அப்பலேர்ந்து. முன்னாடி எப்பவாச்சும்தான். வலின்னு தெரிஞ்சப்புறம் தூங்க வைக்கிறப்பல்லாம் குடுக்கிறேன்."

மர்ஜியா எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியம் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. பல் வலிக்க வலிக்க அவள் தேனைக் கூட்டியிருக்கிறாள். தேனைக் கூட்டக் கூட்டப் பல் கரைந்திருக்கிறது. டாக்டர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அந்த நிமிடம் நஃபீசாவின் கண்முன் வந்து நின்றது. பாட்டிலை எடுத்தாள். முற்றத்துக் கல்லில் ஓங்கி அடித்தாள்.

கண்ணாடி சிதறித் தேன் கெட்டியாகப் பரவியது. பிள்ளை மறுபடி வீறிட்டது.

"என் புள்ளை பல்லை நீங்க தின்னுட்டீங்க லாத்தா! அங்க என்னைக் கேவலமா பேசுறாங்க. நான் கல்லு மாதிரி உட்கார்ந்து கேட்டுட்டு வரேன். நீங்க இங்க ஓதி ஊதிக்கிட்டு இருக்கீங்க! பெத்திருந்தாத் தெரியும் உங்களுக்கு!"

கடைசிச் சொல் வாயைவிட்டுப் போன பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது. அவள் சொன்ன மற்றதெல்லாம் நியாயம். அந்த ஒரு சொல் மட்டும் நியாயம் இல்லை. ஆனால் மனிதர் மனதில் போய்த் தங்குவது அந்த ஒன்றுதான்.

மர்ஜியா பிள்ளையை நஃபீசாவிடம் நீட்டிவிட்டு முற்றத்தில் இறங்கினாள். யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று, ஈரத்துணியால் தேனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்தெடுத்தாள். கண்ணாடி கிழித்து விரலில் ரத்தம் வந்தது. அதையும் அதே துணியில் துடைத்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து கவுஸ் வந்தார். ஹாதிக்கு அண்ணன். ஊரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஹாதி சவுதியில் இருக்கும்வரை இந்த வீட்டுக்கும் அவர்தான் பெரியவர்.

"தேனைக் கீழ ஊத்த உனக்குக் கை வந்துச்சா?" என்றார். பிள்ளையின் வாயை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"பல்லு நாலும் போச்சு மச்சான். ரெண்டை எடுக்கணுமாம், ரெண்டை அடைக்கணுமாம்."

"பால் பல்லுக்கு ஒரு வைத்தியமா? விழுந்து முளைக்கப் போறதுக்குச் சிமெண்டு பூசுவாங்களாக்கும்! எனக்குந்தான் சின்னதுல வாயெல்லாம் பூச்சிப் பல்லு. இப்ப நல்லி எலும்பைக் கடிச்சுத் துப்புறேன். ஹாதி போன் பண்ணட்டும், கேட்டுக்கலாம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஒரு மணி நேரத்தில் ஹாதியின் போன் வரும். அந்த வீட்டில் அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கவுஸ். கடை வியாபாரம், ஊர்ச் செய்தி எல்லாம் பேசுவார். அடுத்தது மர்ஜியா. பிறகு அஸ்ரினின் காதில் ரிசீவரை வைத்து, "உன் அத்தாட்ட பேசு, அத்தா சொல்லு" என்பார்கள். கடைசியாக நஃபீசாவின் கைக்கு வரும்போது, அங்கே போன் பூத்தில் ஹாதிக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்திக்கொண்டிருப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். ஆனால் மர்ஜியா, "நல்லா இருக்கேன் தம்பி" என்றதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேன் கதையைக் கவுஸ் தன் முறை வந்தபோதே முழுதாகச் சொல்லியிருந்தார்.

"எங்க லாத்தாவ நீ அப்படிப் பேசலாமா?" என்று ஆரம்பித்தான் ஹாதி. "முதல்ல மன்னிப்புக் கேளு. பல்லெல்லாம் நான் லீவுல வந்தப்புறம் திருச்சியில பெரிய டாக்டராப் பார்த்துக் காட்டிக்கலாம்."

"எப்ப வருவீங்க?"

"ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும்."

"அதுவரைக்கும் புள்ளை எதால கடிக்கும்?"

"எல்லாத்துக்கும் எதிர்ப்பேச்சு பேசாத நஃபீசா."

"உங்க புள்ளைக்கு வாயில எத்தனை பல்லு இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு? ஆரஞ்சு பவுடர் எத்தனை டப்பா அனுப்புனீங்கன்னு தெரியும். தேன் எந்த ஊருத் தேன்னு தெரியும். பல்லு தெரியுமா?"

போன் கட்டாகிவிட்டது. அவன் வைத்தானா, நேரம் முடிந்துவிட்டதா, தெரியவில்லை. நஃபீசா ரிசீவரை வைத்த வேகத்தில் மேஜை ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஸ்ரினின் மேலுதடு தடித்திருந்தது. ஈறில் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். உடம்பு சுட்டது. இட்லியை ஊறவைத்துக் கொடுத்தும் வாயைத் திறக்கவில்லை. நஃபீசா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கவுஸிடம் போனாள்.

"நாளைக்கு டாக்டர்ட்ட போகணும் மச்சான்."

கவுஸ் இந்தத் தடவை பிள்ளையைப் பார்த்தார். பார்த்ததும் கண்ணை நகர்த்திக்கொண்டார். "சூட்டுக் கொப்புளம்தான். மருந்துக்கடையில சொல்லி சிரப் வாங்கியாறச் சொல்றேன். வெள்ளிக்கிழமை ஹாதி பேசட்டும். பல்லைப் புடுங்குறதோ, விடுறதோ, பெத்தவன் சொல்லாம நாம செய்யக்கூடாது."

"பெத்தவ சொல்றேன்."

"நீ கோவத்துல சொல்ற."

"ஆமா, கோவத்துலதான் சொல்றேன். கோவம் வராம இதைப் பார்த்துக்கிட்டு எப்படி மச்சான் உட்கார்ந்திருக்கீங்க?"

திங்கட்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல், அவள் பிள்ளையோடு பஸ் ஏறினாள். சின்ன வெங்காய மூட்டைகளும் ஆட்களுமாகக் கால் வைக்க இடமில்லை. சேலைமேல் ஆண் சட்டை போட்டு, களை வெட்டப் போகும் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பிள்ளையின் உதட்டைப் பார்த்தாள். என்ன, ஏது, யார் வீடு, ஆம்பளை யாரும் வரலையா என்று ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து, "உக்காரு தாயி" என்றாள். தன் தூக்குவாளி மூடியில் தண்ணீர் ஊற்றி நஃபீசாவின் கையில் கொடுத்தாள். "ஏய் வேம்பு, உனக்குக் கால் வலின்னியே?" என்று பக்கத்தில் இருந்தவள் சொல்ல, "காலு எனக்குத்தான வலிக்குது, உனக்கென்ன?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நஃபீசா அந்தத் தண்ணீரில் பிள்ளையின் உதட்டை நனைத்துவிட்டு, மீதியைத் தான் குடித்தாள். கேள்வி கேட்காமல் ஓர் இடம் கொடுப்பது எவ்வளவு சின்ன விஷயம். அல்லாஹ் அதை யார் யாரிடமோ கொடுத்து வைத்திருக்கிறான்.

பெரம்பலூரில் இறங்கித் திரும்பியபோதுதான் பார்த்தாள். பின்பக்கப் படியில் மர்ஜியா இறங்கிக்கொண்டிருந்தாள். லப்பைக்குடிக்காட்டிலேயே ஏறி, நின்றபடி வந்திருக்கிறாள்.

நஃபீசா திரும்பி நடந்தாள். மர்ஜியா பத்தடி தள்ளியே பின்னால் நடந்து வந்தாள்.

டாக்டர் புஷ்பவல்லி ஈறைப் பார்த்ததும் முகம் மாறினார். "நல்லவேளை, வீக்கம் கண்ணுப் பக்கம் ஏறல. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா நானே திருச்சிக்குத்தான் அனுப்பியிருப்பேன். சீழ் வச்ச ரெண்டையும் இப்பவே எடுத்துடலாம்." பிறகு நாற்காலியை நஃபீசாவுக்கு எதிரே இழுத்துப் போட்டார். "முட்டியோட முட்டி ஒட்டுற மாதிரி உட்காருங்க. புள்ளை உங்க மடியிலேர்ந்து என் மடியில தலை வச்சுப் படுக்கணும். நீங்க கையைப் புடிச்சுக்கணும்."

அஸ்ரின் படுக்கவில்லை. தாயின் முகத்தைப் பார்த்ததுமே உதறினாள். மூன்று மாதமாகக் காலையும் மாலையும் துணியோடு வருகிற முகம் அது. பாட்டிலைப் பிடுங்கிய முகம். பிள்ளை வில்லாக வளைந்து, கதவுப் பக்கம் கையை நீட்டி, "மாமீ, மாமீ" என்று கதறியது. கதவுக்கு வெளியே மர்ஜியா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"இப்படி உதறினா ஊசி போட முடியாது. அவங்க யாரு?" என்றார் டாக்டர்.

கூப்பிட நஃபீசாவுக்கு மனம் வரவில்லை. எந்த மடியில் கிடந்து பிள்ளையின் பல் கரைந்ததோ, அந்த மடியையே கேட்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இவங்கதான் டாக்டர் புள்ளையத் தூங்க வைக்கிறவங்க. லாத்தா, வந்து உட்காருங்க."

மர்ஜியா உட்கார்ந்தாள். பிள்ளை விம்மிக்கொண்டே அவள் மடியில் மல்லாந்தது. டாக்டர் விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு நஃபீசாவை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப நீங்க ஒண்ணு முடிவு பண்ணணும். ஓரத்துல ரெண்டு இருக்குல்ல, அதையும் சேர்த்து எடுத்துட்டா இன்னைக்கே வேலை முடிஞ்சது. பிள்ளைக்கு ஏழெட்டு வயசு வரைக்கும் முன்பல்லு இருக்காது, அவ்வளவுதான். காப்பாத்தணும்னா இன்னும் மூணு நாலு தடவை வரணும். தினம் தேய்க்கணும். தூங்குறப்ப தண்ணி தவிர ஒரு சொட்டு இனிப்பு வாயில படக்கூடாது. வூட்ல எல்லாரும் ஒத்து இருந்தாத்தான் நடக்கும். ஒருத்தர் ஒரு வழியும் இன்னொருத்தர் இன்னொரு வழியுமாப் போறதுன்னா சொல்லிடுங்க, நாலையும் எடுத்துடறேன். மறுபடி இந்தப் புள்ளைய வதைக்க என்னால முடியாது."



நாலையும் எடுத்துவிடுங்கள் என்ற வார்த்தை நஃபீசாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அது சுலபம். யாரையும் நம்ப வேண்டியதில்லை. தினம் தினம் யார் என்ன கொடுத்தார்கள் என்று பிள்ளையின் வாயை முகர்ந்து பார்க்க வேண்டியதில்லை. அவள் மர்ஜியாவைப் பார்த்தாள்.

"லாத்தா, உங்களால முடியுமா? அழுதாலும், கத்தினாலும், உங்க கழுத்தைக் கட்டிக்கிட்டுக் கெஞ்சினாலும்?"

மர்ஜியா அல்லாஹ்மேல் ஆணை என்று சொல்லவில்லை. பிள்ளையைப் பிடித்திருந்த ஒரு கையை மெல்ல எடுத்து, கைப்பைக்குள் விட்டு, ஒரு பிளாஸ்டிக் பையை வெளியே எடுத்தாள். உள்ளே ரப்பர் நிப்பிள். பையின் உட்புறமெல்லாம் தேன் பிசுபிசுத்தது.

"இதைக் கொண்டாந்தேன்" என்றாள். "அடுத்த தெருவுல ஒரு வூட்ல கேட்டு வாங்குன தேன். இவ்வளவு வலியில புள்ளை அழுதா எப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கிறதுன்னு... நீ பார்க்காதப்ப குடுத்துடலாம்னு இருந்தேன்."

இவ்வளவு ஆன பிறகுமா! நஃபீசாவின் கை தானாக உயர்ந்தது. அந்தப் பையைப் பிடுங்கி அந்த முகத்திலேயே எறிந்திருப்பாள்.

ஆனால் மர்ஜியா சொல்லாமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. முடியும் என்று ஒரே வார்த்தையில் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். தேன் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு மறைக்காமல் ஓதியவள், இன்றைக்கு முதல்முறையாக ஒன்றை மறைக்க நினைத்து, அதையும் மறைக்க முடியாமல் நீட்டிக்கொண்டிருந்தாள். நீட்டிய விரலில் கண்ணாடி கிழித்த காயம் இன்னும் ஆறவில்லை.

நஃபீசா பையை வாங்கி, மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையில் போட்டாள்.

"ரெண்டை எடுங்க டாக்டர்" என்றாள். "ரெண்டைக் காப்பாத்துங்க."

ஊசி போட்டபோது பிள்ளை போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். மர்ஜியா கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓதினாள். அவள் பிடி மட்டும் தளரவில்லை. நஃபீசா குனிந்து பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு சின்னப் பற்களும் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. வேர்ப்பக்கம் பழுப்பும் மஞ்சளுமாக இருந்தது. மர்ஜியா கண்ணைத் திறந்து அவற்றையே பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட்டில் இடம் கிடைத்தது. பஞ்சைக் கடித்தபடி பிள்ளை மர்ஜியாவின் மடியில் தூங்கிவிட்டது. வாயில் எதுவும் வைக்காமல்.

"லாத்தா, அன்னைக்கு நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள் நஃபீசா.

"பெத்திருந்தாத் தெரியும்னியே, அதா?"

"அது தப்பு. மத்ததெல்லாம் தப்பில்ல. இப்பவும் கோவமாத்தான் இருக்கேன்."

"இரு" என்றாள் மர்ஜியா. "நீ கோவமா இருந்தாத்தான் நான் ஒழுங்கா இருப்பேன். நாளைக்கு அந்தத் துணியை எப்படிச் சுத்திக்கிறதுன்னு எனக்கும் காட்டிக் குடு."

அந்த வெள்ளிக்கிழமை கவுஸ் ஜும்ஆ முடிந்து நேராக வந்து போன் அருகில் உட்கார்ந்தார். பேச நிறைய வைத்திருந்தார். போன் அடித்தது. அவர் கையை நீட்டுவதற்குள் மர்ஜியா எடுத்துவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. முதல்ல நஃபீசாட்ட பேசு" என்று ரிசீவரைக் கொடுத்துவிட்டாள். கவுஸின் கை நீட்டியபடியே நின்றது.

"ரெண்டு பல்லு எடுத்தாச்சு" என்றாள் நஃபீசா. "ரெண்டு இருக்கு. அதை அடைக்க அடுத்த வாரம் போறோம், நானும் லாத்தாவும். இனிமே தேனு, பவுடர், சாக்லேட் எதையும் யார் கையிலயும் குடுத்தனுப்பாதீங்க. வந்துச்சுன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவேன்."

"யாரைக் கேட்டு எடுத்தே?" என்றான் ஹாதி.

"யாரைக் கேட்டேன்னு அப்புறம் கேளுங்க. முதல்ல கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அதைக் கேளுங்க."

அந்தப் பக்கம் வரிசையில் நிற்கும் யாரோ அவசரப்படுத்தினார்கள். ஹாதி அவர்களிடம் ஏதோ சொல்வது கேட்டது.

"புள்ளைக்கு வலிக்குதா நஃபீசா?" என்றான், தாழ்ந்த குரலில்.

"இதைக் கேக்க உங்களுக்கு இவ்வளவு நாளாச்சு" என்றாள் அவள். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ரிசீவரை இந்தமுறை அவள் அடித்து வைக்கவில்லை. அஸ்ரினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.